கொஹ்கேஸ் உருகவில்லையா, வழிகிறதா, கசக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஜெர்மனியில் ஹெஸ்ஸன் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து பாடன், பவேரியாப் பக்கம் வரை நீள்கிறது ஓடன்வால்ட் என்ற மலைக்காட்டுப் பகுதி. அங்கே ரொட்டியில் தடவிச் சாப்பிடும் சீஸ்தான் கொஹ்கேஸ். முழுப்பெயர் கொஹ்கேஸெ, சமைத்த சீஸ் என்று பொருள். கடைசி எழுத்தை விழுங்கி கொஹ்கேஸ் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தேன் நிறத்தில் கொஞ்சம் கண்ணாடி போல மினுங்கும், கரண்டியிலிருந்து அவசரப்படாமல் வழியும். ஊடே சீமைச் சீரகம் தெரியும். பக்கத்தில் ரை ரொட்டியும் ஒரு குவளை ஆப்பிள் வைனும் இருந்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. வறுத்த ஷ்னிட்ஸல் இறைச்சியின் மேல் சுடச்சுட ஊற்றித் தருவதும் உண்டு.

இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணம் கொடுத்தார். அன்றிலிருந்து நானும் செய்து பார்க்கிறேன். முதல் நான்கு தடவையும் கெட்டது. நான்காவது தடவை பாத்திரத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். பாத்திரத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "குவார்க்கை எங்கே வைத்திருந்தாய், எத்தனை நாள் வைத்திருந்தாய்?" என்றுதான் கேட்டார். அடுப்பில் தெரிகிற கோளாறில் முக்கால்வாசி அடுப்புக்கு வருவதற்கு முன்பே உண்டானது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதனால் கீழே அடுப்பில் தெரியும் அறிகுறிகளிலிருந்து தொடங்கி, பின்னோக்கி குவார்க் கிண்ணம் வரை போகிறேன்.

முதலில், நீங்கள் செய்தது எந்த வழி?

ஒரே பெயரில் மூன்று செய்முறைகள் இருக்கின்றன. கோளாறும் தீர்வும் வழிக்கு வழி மாறும்.

பழைய வழி பழுக்க வைப்பது. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த குவார்க் என்ற புளித்த தயிர்க்கட்டியைத் துணியில் வடித்து, உதிர்த்து, வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் வைப்பார்கள். அது மஞ்சளாகிக் கண்ணாடி போல ஆனதும் வெண்ணெயோடு சேர்த்து உருக்குவார்கள். பண்ணை வீடுகளில் பாலேட்டை எடுத்து வெண்ணெயாக்கிய பிறகு மிஞ்சுகிற பாலை வீணாக்காமல் பிறந்த பண்டம் இது.

இரண்டாவது சோடா வழி. பழுக்க வைக்காமல், வடித்த குவார்க்கில் சமையல் சோடாவைக் கலந்து ஒன்றிரண்டு மணிநேரம் வைத்துவிட்டு உருக்குவது. 500 கிராம் குவார்க்குக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி சோடா, அதாவது 5 கிராம் அளவு. 50 முதல் 75 கிராம் வெண்ணெய், உப்பு, சீமைச் சீரகம்.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் ஹாண்ட்கேஸ் அல்லது ஹார்ட்ஸர் சீஸை வாங்கி உருக்குவது. இவை குவார்க்கைத் தயாரிப்பாளர்களே பழுக்கவைத்துத் தரும் சீஸ். நான் 200 கிராம் ஹார்ட்ஸர், 50 கிராம் வெண்ணெய், 150 மில்லி கிரீம், கால் தேக்கரண்டி சோடா என்று போடுகிறேன். அரை மணியில் முடியும், ஆனால் சுவை பழைய வழியை எட்டாது. பழைய வழிக்கு நேரம் இருக்கிறவர்கள் அதையே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

உருகவில்லை. மஞ்சள் நீரில் வெள்ளைத் துகள் மிதக்கிறது

அடிக்கடி வருவது இதுதான், மனம் உடைந்துபோவதும் இதில்தான். வெண்ணெய் உருகிவிட்டது, குவார்க் மட்டும் திரிந்த பால் போலத் துகள்துகளாக நிற்கிறது. கிளறக் கிளறத் துகள் இறுகுகிறது, நீர் வெளியே வருகிறது.

காரணம் புளிப்பு. பால் புரதமான கேசீன், புளிப்பின் அளவு பி.எச். 4.6 என்ற இடத்துக்கு வரும்போது (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) மின்னேற்றம் இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குவார்க் உறைவதே இப்படித்தான், அதன் பி.எச். 4.5 பக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் சூடாக்கினால் புரதம் இன்னும் நெருங்கி, இடையில் இருக்கிற நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பனீர்த் துண்டை எண்ணெயில் போட்டாலும் உருகாமல் வறுபடுகிறதே, அதற்கும் புளிப்பு ஊற்றித் திரித்ததில் ஒரு பங்கு உண்டு.

பழுக்கும்போது என்ன நடக்கிறது? குவார்க்கின் மேல் வளரும் ஈஸ்டுகள் அதிலிருக்கும் லாக்டிக் அமிலத்தைத் தின்கின்றன. புளிப்பு குறைகிறது. அப்புறம் வரும் பாக்டீரியாக்கள் புரதத்தையும் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கின்றன. பி.எச். 5.5-ஐத் தாண்டி ஏறும்போது கேசீனுக்கு மறுபடி மின்னேற்றம் வருகிறது, நீரோடு சேர்ந்துகொள்கிறது, வெண்ணெயையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. சோடா இதே வேலையைச் சில நிமிடத்தில் செய்கிறது. ஆகவே துகள் நிற்கிறது என்றால் போதுமான அளவு பழுக்கவில்லை, அல்லது சோடா போதவில்லை.

சரி, பாத்திரம் இப்போது அடுப்பில் இருக்கிறது, என்ன செய்வது? தீயை முழுவதும் தணியுங்கள். கால் தேக்கரண்டி சோடாவை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் கரைத்து, சுற்றிலும் ஊற்றிக் கிளறுங்கள். நுரைக்கும், பயப்பட வேண்டாம். 5 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். துகளின் ஓரம் மங்கிக் கண்ணாடி போல ஆகத் தொடங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இல்லையென்றால் இன்னொரு சிட்டிகை. கை மிக்ஸியை எடுக்காதீர்கள். அது துகளைச் சின்னதாக்குமே தவிர உருக்காது. மணலுக்குப் பதில் மாவு போல நாக்கில் தட்டும், அவ்வளவுதான்.

சோடா போட்டும் அசையவில்லை என்றால் போட்டது என்ன பொட்டலம் என்று திருப்பிப் பாருங்கள். ஜெர்மன் கடைகளில் ஒரே அலமாரியில் நாட்ரோன், பாக்புல்ஃபர் என்று இரண்டு பொட்டலங்கள் இருக்கும். நாட்ரோன்தான் நம் ஆப்ப சோடா. பாக்புல்ஃபர் கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர். அதில் சோடாவோடு புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும். சோடாவின் வேலையை அந்தப் புளிப்பு அங்கேயே தின்றுவிடும், மாவு வேறு கொழகொழவென்று கெட்டியாக்கும். என் இரண்டாவது பாத்திரம் இப்படித்தான் போனது.

இன்னொன்று: கடையில் விற்கும் மலிவு குவார்க் பெரும்பாலும் பாலை அதிகச் சூட்டில் வைத்து, தயிர்க்கட்டியிலிருந்து பிரிகிற ஊறல்நீரில் போக வேண்டிய புரதத்தையும் கேசீனோடு பிணைத்துச் செய்வது. அந்தப் புரதம் சூட்டில் உருகாது, உறையும். அதனால் அத்தகைய குவார்க்கில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மெல்லிய ஒரு நறநறப்பு மிஞ்சலாம். பண்ணைக்கடையில் புளிக்கவைத்த பாலில் செய்த கெட்டிக் குவார்க் கிடைத்தால் அதை வாங்குங்கள். வித்தியாசம் முதல் கரண்டியிலேயே தெரியும்.

ஹார்ட்ஸர் போட்டேன், பாதி உருகியது, பாதி வெள்ளைக் கட்டியாக நிற்கிறது

இதற்குப் பதில் கத்தியில் இருக்கிறது. ஹார்ட்ஸர் சுருளில் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரம் மஞ்சளாக, ஈரமாக, வெளிச்சத்துக்குப் பிடித்தால் கொஞ்சம் ஊடுருவும்படி இருக்கும். நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு பொட்டு. விரலால் தொட்டால் ஓரம் ஒட்டும், நடு உதிரும். இந்தச் சீஸ் வெளியிலிருந்து உள்ளே பழுக்கிறது, நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இன்னும் குவார்க்தான். உருகாமல் நிற்பது அதுதான்.

வாங்கும்போதே காலாவதித் தேதிக்கு நெருங்கிய பொட்டலமாகப் பார்த்து எடுங்கள். மற்ற எதற்கும் நாம் பின்னால் கைவிட்டுப் புதியதை எடுப்போம், இதற்கு முன்னால் இருக்கிற பழையது. புதியதுதான் கிடைத்தது என்றால் பொட்டலத்தைப் பிரிக்காமல் அறைச்சூட்டில் ஓரிரு நாள் வையுங்கள், வெள்ளை சுருங்கிவிடும். ஏற்கெனவே பாத்திரத்தில் போட்டாயிற்று என்றால் முன்பு சொன்ன சோடா-பால் வைத்தியமே இதற்கும்.

பொங்கி அடுப்பில் வழிந்தது

சோடாவும் புளிப்பும் சந்தித்தால் கரியமில வாயு கிளம்பும். இது கோளாறு இல்லை, பாத்திரம் சின்னது. அளவுக்கு மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரம் எடுங்கள். சோடாவைக் குளிர்ந்த குவார்க்கிலேயே கலந்து, அந்த நுரை அடங்கிய பிறகு அடுப்பில் ஏற்றினால் பொங்காது. ஆறிய கொஹ்கேஸில் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் அதுவும் இந்த வாயுதான். சுவைக்குக் கேடில்லை.

வெண்ணெய் மேலே மிதக்கிறது

இரண்டு விதமாக வரும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே துகள் துகளாக, மேலே எண்ணெயாக இருந்தால் அது முதலில் சொன்ன உருகாத கோளாறுதான், அதை முதலில் சரிசெய்யுங்கள். கீழே வழவழவென்று உருகியிருக்கிறது, வெண்ணெய் மட்டும் பிரிந்து நிற்கிறது என்றால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது வெண்ணெயை மொத்தமாகக் கொட்டிவிட்டீர்கள். பாத்திரத்தை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டு வேகமாக அடித்துக் கலக்குங்கள். சேர்ந்துகொள்ளும். அடுத்த தடவை வெண்ணெயைச் சிறு துண்டுகளாக, ஒன்று கரைந்தபின் ஒன்றாகப் போடுங்கள்.

பெயர்தான் சமைத்த சீஸ். தளதளவென்று கொதிக்க விட வேண்டியதில்லை. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் எழுந்து மெதுவாக வெடிக்கிற சூடு போதும். அடி கனமான பாத்திரம் இல்லாதவர்கள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அடிப்பிடித்த கொஹ்கேஸின் கருகல் வாடையை எதைக்கொண்டும் எடுக்க முடியாது. லேசாகப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் அடியைச் சுரண்டாமல் மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

ரப்பர் போல இழுபடுகிறது

கரண்டியைத் தூக்கினால் பாத்திரமே கூட வருகிற மாதிரி நூல்நூலாக இழுத்தால் நீர் குறைவு, அல்லது உருகியபிறகும் ரொம்ப நேரம் அடுப்பில் விட்டுவிட்டீர்கள். வெதுவெதுப்பான பாலோ கிரீமோ மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாகச் சேருங்கள். குளிர்ந்த பால் வேண்டாம், சட்டென்று கட்டி தட்டும். சூடாக இருக்கும்போது கொஞ்சம் இழுபடுவது இதன் இயல்பு, அதைப் பார்த்துப் பாலை ஊற்றிக்கொண்டே போனால் அடுத்த கோளாறில் போய் நிற்பீர்கள்.

இங்கே ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிற செடாரையோ கௌடாவையோ போட்டு சோடா சேர்த்துப் பார்த்தவர்கள் எண்ணெயும் ரப்பருமாகப் பிரிந்தது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சீஸ்களில் கேசீனைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. அதை விடுவிக்கச் சிட்ரேட் போன்ற உப்பு வேண்டும், சோடாவால் முடியாது. குவார்க் புளித்து உறையும்போதே கால்சியத்தில் பெரும்பகுதி ஊறல்நீரோடு போய்விடுகிறது. அதனால்தான் ஒரு சிட்டிகை சோடாவும் பொறுமையும் இதற்குப் போதுமாக இருக்கின்றன.

ஆறியும் தண்ணீராக இருக்கிறது

முதலில், உண்மையிலேயே ஆறிவிட்டதா? சூட்டில் பார்த்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரி இதற்கும் பதம் பார்க்க வேண்டும். அடுப்பில் ஏற்றும் முன்பே ஒரு பீங்கான் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உருகியதும் அரைக்கரண்டியை அந்தத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நீர் போல ஓடினால் இன்னும் இறுக வேண்டும். அசையவே இல்லையென்றால் பால் வேண்டும். ஓரம் உருண்டையாக நின்று, நடு மெதுவாக நகர்ந்து, விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நின்றால் அதுதான் பதம். இந்தத் தட்டைப் பழகிய பிறகு எனக்கு இந்தக் கோளாறு வரவே இல்லை.

ராத்திரி முழுக்கக் குளிர்ந்தும் ஓடுகிறது என்றால் குவார்க்கைச் சரியாக வடிக்கவில்லை. கடைக் குவார்க்கில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் நீர்தான். பழைய வேட்டித் துணியில் கட்டி, மேலே கனம் வைத்து, ஓர் இரவு வடியுங்கள். ஒரு கிலோவில் கால் கிலோவுக்குக் குறையாமல் நீர் இறங்க வேண்டும். துணியைப் பிரித்ததும் கையில் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். புட்டு மாவுப் பதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீராகிவிட்டதைக் காப்பாற்ற: மறுபடி சூடாக்கி, நன்றாகப் பழுத்த ஹார்ட்ஸர் 50 முதல் 100 கிராம் நறுக்கிப் போட்டு உருக்குங்கள். அல்லது இறக்கிய பிறகு ஒரு முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் கொஹ்கேஸோடு தனியே அடித்து, அப்புறம் மொத்தத்தோடு சேர்த்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் கிளறுங்கள். மஞ்சள் கரு சேர்ப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, பல வீட்டுச் செய்முறைகளிலேயே இருக்கிறது. சோள மாவு வேண்டாம். கெட்டியாகும், ஆனால் வாயில் கூழ்.

கல்லாக இறுகிவிட்டது

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே எந்தக் கொஹ்கேஸும் கெட்டியாகத்தான் இருக்கும். அரை மணி வெளியே வைத்துப் பாருங்கள். அப்படியும் கத்தியால் வெட்டும்படி இருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டு மெல்லிய தீயில் மறுபடி உருக்கலாம். இந்தச் சீஸின் நல்ல குணம் இது, எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். மேலே ஆடை படிந்து தடித்துப்போனால், சூடாக இருக்கும்போதே எண்ணெய்த்தாளை நேராகச் சீஸின் மேல் படும்படி ஒட்டி மூடவும்.

சோப்பு போல இருக்கிறது, நிறமும் பழுப்படிக்கிறது

சோடா அதிகம். நாக்கின் பின்பக்கம் வழுக்குகிற மாதிரி, உப்புப் போலவும் உப்பில்லாதது போலவும் ஒரு சுவை. இதில் என்னால் பெரிய நம்பிக்கை கொடுக்க முடியவில்லை, முழுமையாக மீட்க வழி இல்லை. எலுமிச்சையோ வினிகரோ பாத்திரத்தில் ஊற்றிச் சமப்படுத்தலாம் என்று தோன்றும். ஊற்றாதீர்கள். புளிப்பு விழுந்த இடத்தில் கேசீன் மறுபடி திரியும், சோப்போடு மணலும் சேர்ந்துகொள்ளும்.

செய்யக்கூடியது இரண்டு. சோடா போடாத இன்னொரு பங்கு, நன்றாகப் பழுத்த ஹார்ட்ஸரும் வெண்ணெயும் மட்டும் உருக்கி, இதோடு கலந்து அளவை இரட்டிப்பாக்கலாம். இல்லையென்றால் புளிப்பைப் பாத்திரத்தில் சேர்க்காமல் தட்டில் சேர்க்கலாம். ஓடன்வால்டில் கொஹ்கேஸை 'இசையோடு' என்று கேட்டு வாங்குவார்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வினிகர், எண்ணெய், சீமைச் சீரகத்தில் ஊறவைத்து மேலே போட்டுத் தருவதற்கு அப்படி ஒரு பெயர். லேசான சோடா வாடையை அந்த வினிகர் வெங்காயம் அழகாக அடக்கிவிடும். லக்ஸம்பர்க்கிலும் இந்தச் சீஸின் உறவுக்காரர் இருக்கிறார், காஹ்கேய்ஸ் என்பார்கள். அங்கே ரொட்டியில் அதோடு கடுகுச் சாந்தும் தடவுவார்கள். அதுவும் இதற்கு நல்ல துணை.

அடுத்த தடவைக்கு ஒன்று: சோடாவைக் கண் அளவில் போடாதீர்கள். கத்தியால் வழித்த மட்டத் தேக்கரண்டிக்கும் குவித்த தேக்கரண்டிக்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு வித்தியாசம் வரும். நன்றாகப் பழுத்த குவார்க்குக்கு சோடாவே தேவைப்படாது. அதனால் பழைய வழியில் செய்கிறவர்கள் முதலில் சோடா இல்லாமல் உருக்கிப் பார்த்து, துகள் நின்றால் மட்டும் எடுக்கலாம். சோடாவும் சேர்ந்தால் உப்பு தூக்கும், ஹார்ட்ஸரிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

கசக்கிறது

புரதம் அளவுக்கு மேல் உடைந்தால் கசப்பான சிறு துண்டுகள் மிஞ்சும். ரொம்ப நாள் வைத்த குவார்க், தேதி தாண்டிக் கொழகொழத்த ஹார்ட்ஸர், இரண்டிலும் இது வரும். கிரீம் கொஞ்சம் அதிகம் சேர்த்தால் கசப்பு மழுங்கும், போகாது. வெண்ணெய் கருகினாலும், வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த சீமைச் சீரகத்தைப் பொடித்துப் போட்டாலும் கசக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, வாசனை மட்டும் வேறு மாதிரி

நம் வீடுகளில் நடப்பது இது. செய்முறையில் கியூமெல் என்று எழுதியிருக்கும், நாம் சீரகம் என்று எடுத்துக்கொண்டு அஞ்சறைப் பெட்டியைத் திறப்போம். கியூமெல் என்பது சீமைச் சீரகம். நம் சீரகத்துக்கு இங்கே குறோய்ட்ஸ்கியூமெல் என்று பெயர். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், சீமைச் சீரகம் சற்றுக் கறுத்து, பிறை போல வளைந்திருக்கும். வாசனையில் சம்பந்தமே இல்லை. தவறிப் போட்டது முழு விதையாக இருந்தால் சூடாக இருக்கும்போதே கண்ணி பெரிய வடிகட்டியில் ஊற்றி எடுத்துவிடலாம்.

குவார்க் பழுக்கவே மாட்டேன் என்கிறது

இப்போது கிண்ணத்துக்கு வந்துவிட்டோம். மூன்று நாளாகியும் வைத்தபடியே வெள்ளையாக, காய்ந்துகொண்டு இருக்கிறது என்றால் நான்கு கேள்விகள்.

இடம் குளிரா? 20 முதல் 25 டிகிரி வேண்டும். குளிர்காலத்தில் சமையலறை மேடையில் வைத்தால் நடக்காது. வெப்பக்குழாய்க்குப் பக்கத்தில், அதன் மேல் படாமல் வையுங்கள். மூடி இறுக்கமா? இந்த ஈஸ்டுகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் காற்று வேண்டும், ஈரத்துணி போட்டு மூடுங்கள், டப்பா மூடி வேண்டாம். கட்டி பெரிதா? பழுப்பது மேல்பரப்பிலிருந்து, அதனால் எவ்வளவு பொடியாக உதிர்க்கிறீர்களோ அவ்வளவு மேல்பரப்பு. தினமும் ஒரு தடவை சுத்தமான முள்கரண்டியால் கிளறி அடியில் இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். கடைசியாக, விதை இருக்கிறதா? கடைக் குவார்க் சூடுபடுத்திய பாலில் சுத்தமான இடத்தில் செய்தது, பழுக்க வைக்கிற உயிர்கள் அதில் போதிய அளவு இருக்காது. பாலுக்கு உறை மோர் விடுகிற மாதிரி இதற்கும் விட வேண்டும். ஒரு சுண்டுவிரல் அளவு பழுத்த ஹார்ட்ஸரை நன்றாக நசுக்கி, அரைக் கிலோ வடித்த குவார்க்கில் கலந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி என் கேள்விக்குச் சொன்ன பதில் இதுதான், அவர் சின்ன வயதில் விதை தேவைப்பட்டதில்லை, கிண்ணமே பழகியிருந்தது என்றார்.

இந்த நாற்றம் சரியா, கெட்டுவிட்டதா?

பழுக்கும் குவார்க் மணக்காது. கழற்றிய காலுறை வாடையும், ஜன்னல் துடைக்கும் அமோனியாவின் மெல்லிய காரமும் வரும். வீட்டில் புகார் வரும், சன்னலைத் திறந்து வைத்தால் சமாளிக்கலாம். உருக்கும்போது அமோனியா ஆவியாகிக் குறையும். மேலே மஞ்சள், அதன் மேல் வெள்ளைப் பொடி போல மெல்லிய பூச்சு, இவை சரி.

பச்சை, நீலம், கறுப்பு ரோமம் போல வளர்ந்திருந்தாலோ, பளிச்சென்ற இளஞ்சிவப்புத் திட்டு இருந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ மொத்தத்தையும் கொட்டுங்கள். அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியை உருக்கலாம் என்று யோசிக்க வேண்டாம். நல்லபடியாகப் பழுத்ததையும் ஓரம் குமிழிடும் வரை சூடாக்கி, சில நிமிடம் அந்தச் சூட்டிலேயே கிளறுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வீட்டில் பழுக்க வைத்ததைத் தவிர்த்து, சோடா வழியில் அன்றைக்கே செய்ததைச் சாப்பிடுவது நல்லது. செய்து முடித்த கொஹ்கேஸைக் குளிர்பெட்டியில் மூடி வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உறைய வைத்தால் உருகும்போது நறநறக்கும்.

சரி, கிண்ணம் தயார் என்று எப்படித் தெரியும்? நான்காவது அல்லது ஐந்தாவது நாள் காலையில் துணியைத் தூக்குங்கள். ரவை போல உதிரியாக இருந்தது இப்போது தானாகவே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கும். ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்குங்கள். உதிர்ந்து மாவானால் இன்னும் ஒரு நாள் வையுங்கள். மெழுகு போலத் தட்டையாகி, விரலில் ஒட்டி, நடுவில் வெள்ளை தெரியாமல் மஞ்சளாக இருந்தால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து வெண்ணெயைப் போடலாம்.